ஒன்றும் கேட்காத கால் மணி நேரம்

எங்கள் சபைக்கு ஆராதனை நடத்த ஆள் தேவைப்பட்டபோது எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்? எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கேம்பஸ் போய்ப் பட்டத்தோடு திரும்பியவன் நான். கீபோர்ட் வாசிப்பேன். சுருதி பிசகினால் வால்யூமைக் கூட்டிச் சமாளிக்கும் கலையும் தெரியும். பட்டம் வாங்கி ஒரு வருடமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறேன் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டாயம் ஃப்ரீயாக இருப்பான் என்பதற்கு அதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்?

சபை என்றதும் கோபுரம், மணி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். நமுனுகுல பக்கம் மலைச்சரிவில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராதான் எங்கள் சபை. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. புதிதாக ஒன்று கட்டியதும் பழையதை எங்களுக்குத் தந்தார்கள். தகரக் கூரை. சுவரில் இன்னமும் ஒரு முயல் கேரட் தின்றுகொண்டிருக்கிறது. முயலுக்கு நேர் கீழேதான் பிரசங்க மேசை. பாவத்தின் சம்பளத்தைப் பற்றி யார் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் மேலே அது சிரித்துக்கொண்டே இருக்கும்.

மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து பாஸ்டர் வருவார். மற்ற ஞாயிறுகளில் டவுன் சபையிலிருந்து ஓர் அண்ணன் கிட்டாரோடு பஸ் ஏறி வந்து ஆராதனை நடத்திவிட்டுப் போவார். இரண்டு வருடமாக எங்களோடு சேர்ந்து கனடாவுக்காக ஜெபித்தார். கனடா கிடைத்துவிட்டது. ஆராதனைக்குத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது.

"அதான் நம்ம படிச்ச தம்பி இருக்காரே" என்றார் பாஸ்டர்.

நான் வெட்கப்படுவதுபோலத் தலையைக் குனிந்தேன். மனதுக்குள் முதல் பாட்டுக்கு எந்த பீட் போடுவது என்று யோசித்தாகிவிட்டது. அப்போது பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயா, நான் செய்றேனே."

என் அக்கா.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். என் அக்கா பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கூடக் கேட்க மாட்டாள். எனக்கு நான்கு வயது மூத்தவள். ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு, யாரும் சொல்லாமலே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவள். இரண்டு பேரும் படிக்க முடியாத வீடு. யார் படிப்பது என்று ஒரு பேச்சு வீட்டில் நடப்பதற்கு முன்பே அவள் அதை முடித்து வைத்துவிட்டாள். அப்படிப்பட்டவள் நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று, காது மடலெல்லாம் சிவந்து, "நான் செய்றேனே" என்கிறாள்.

பாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "தங்கச்சி, பாடத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. ஆராதன நடத்துறதுனா ஜனங்கள ஆண்டவருக்கு முன்னால கொண்டு போயி நிறுத்தணும். லேசு இல்ல."

"தெரியும் ஐயா."

"சரி. அடுத்த மாசம் மொத ஞாயிறு வாரேன். அன்னிக்கு நீங்க நடத்துங்க, பாப்போம். சரி வரலேனா டவுன்ல இருந்தே வேற ஆள அனுப்பிர்றேன்."

திரும்பி வரும்போது நான் பாதையில் உம்மென்று வந்தேன். "ஒனக்கு எதுக்குக்கா இது? நான் செஞ்சிட்டுப் போறேன்."

"மலையில நாள் பூரா வாய்க்குள்ளயே பாடிக்கிட்டு இருக்கேன்டா. அத ஒரு நாளு வாயத் தொறந்து பாடணும்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எனக்கு இது வேணும்டா" என்றாள்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதற்கு மேல் வாதாட என் பட்டம் போதவில்லை.

பிரச்சினை அவள் திட்டத்தைச் சொன்னபோதுதான் ஆரம்பித்தது. புதன்கிழமை சாயந்தர ஜெபத்தில், பாஸ்டர் இல்லாத நேரம், எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"அந்த ஞாயித்துக்கெழம கால் மணி நேரம் நாம ஆண்டவர்கிட்ட ஒண்ணுமே கேக்கக் கூடாது. அவரு பரிசுத்தர். அதுக்காக மட்டும் கும்புடுவோம்."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆராதனை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் இதன் கொடுமை விளங்கும். இரண்டு வரி பாடுவோம். "நீர் நல்லவர்" என்போம். மூன்றாவது வரியிலேயே விண்ணப்பப் படிவம் திறந்துவிடும். வீடு, விசா, நிலுவையில் இருக்கும் தண்ணீர்க் குழாய், மருமகனின் குடி, முழங்கால் வலி. கனடா அண்ணனே அப்படித்தான் பழக்கியிருந்தார். ஒன்றும் கேட்காமல் ஆண்டவரோடு பேசுவது என்பது கையில் சிட்டை இல்லாமல் கடைக்குப் போய் நிற்பதுபோல எங்களுக்கு.

"ஒண்ணுமே கேக்கக் கூடாதுன்னா?" என்றார் கங்காணி மாமா.

இவரை அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் சபையில் உரத்த 'அல்லேலூயா' இவருடையது. வாரநாட்களில் அக்காவின் மலையில் வேலை வாங்குகிறவரும் இவரே. காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஜெபத்திலும் அந்தத் தொனி வந்துவிடும். ஆண்டவரே அரை நாள் லேட்டாக வந்துவிட்டதுபோல இருக்கும்.

"ஒண்ணுமே கேக்கக் கூடாது மாமா. பரலோகத்துல அந்தச் சேராபீன் தூதனுங்க சிங்காசனத்தச் சுத்தி நிண்டுக்கிட்டு ரெண்டு செட்டையால மூஞ்சிய மூடிக்கிட்டு பரிசுத்தர், பரிசுத்தர்னு சொல்லிக்கிட்டே இருக்குதானே. அதுங்க வீடு கேக்குதா? விசா கேக்குதா?"

"அதுங்களுக்கு எதுக்கு விசா? அதான் செட்ட இருக்கே" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. "வாங்க, ஒருக்கா செஞ்சி பாப்போம்" என்றாள். கண்ணை மூடினாள். "பரிசுத்தரே" என்று மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அரை நிமிடம் அருமையாகப் போனது.

"பரிசுத்தமுள்ள தகப்பனே" என்று மாமா தொடங்கினார். "நீர் பரிசுத்தர். உம்முடைய வீடு பரிசுத்தம். எங்க வீட்டுக் கூரதான்..."

"மாமா."

"கேக்கல பிள்ள. சும்மா சொன்னேன். கூர ஓட்டையா இருக்குங்குறது உண்மதானே? பரிசுத்தர்கிட்ட பொய்யா சொல்ல முடியும்?"

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை சித்தி. சித்தியின் புருஷனுக்கு டுபாய் விசா எட்டு மாதமாக வருகிறது, வருகிறது என்று இழுத்துக்கொண்டிருந்தது. "பரிசுத்தரே, பரிசுத்தரே" என்று அழுதுகொண்டே சொன்னவர், அப்படியே அதே ராகத்தில், "அந்த ஏஜென்சிக்காரன் மனசத் தொடும்..." என்று நழுவினார்.

"சித்தி!"

"ஐயோ, கேக்கல புள்ள. ஞாபகப்படுத்துனேன்."

"அவருக்கு மறதியா?"

"அவருக்கு இல்ல. அந்த ஏஜென்சிக்காரனுக்குத்தான்."

அன்று மட்டும் ஏழு முறை ஆரம்பித்தோம். ஏழாவது தடவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் யாரும் வாயே திறக்கவில்லை. நாற்பது பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை என்றால் யாரும் நம்பமாட்டார்கள், பல் டாக்டர் வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

அக்காவின் முகம் வாடிவிட்டது. வீட்டில் ரொட்டி தட்டும்போது, "சரி வராதுனு நெனைக்கிறியா?" என்றாள்.

"நான் பாத்துக்கிறேன்க்கா" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே தீர்வு என்னிடம் இருந்தது. யூடியூபில் மூன்று நாட்கள் உட்கார்ந்து, மேகத்துக்குள் ஏறுவதுபோல நீளமான ஒரு இன்ட்ரோவைக் கற்றுக்கொண்டேன். மூன்று நிமிடம். கேட்டால் செத்தவனுக்கும் கண்ணீர் வரும். 'நீ பாட ஆரம்பிக்கிறதுக்குள்ள ஆளுங்கள நான் உருக்கி வெச்சிருப்பேன்' என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எதுவுமே சம்மதமாகத்தான் படும்.

அந்த ஞாயிறு வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பிருந்தே மழை விடவில்லை. எங்கள் பக்கத்தில் மழை என்றால் அட்டை. தேயிலைக்கு அடியில், புல்லில், படிக்கட்டில், எங்கே பார்த்தாலும் தலையைத் தூக்கி ஆடிக்கொண்டு நிற்கும். பரிசுத்த ஸ்தலம் என்று நாங்கள் எல்லோரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவோம். அட்டைகளுக்கு அது விருந்துக்கு அழைப்பு.

அதனால் கங்காணி மாமா விடியற்காலையிலேயே வந்து வேலை பார்த்திருந்தார். வாசற்படி நெடுக உப்பை ஒரு கோடாகக் கொட்டியிருந்தார். காலில் தேய்த்துக்கொண்டு வரட்டும் என்று நாலைந்து தேசிக்காயை, எலுமிச்சையைத்தான் சொல்கிறேன், பாதியாக வெட்டி இரண்டு பக்கமும் வைத்திருந்தார். அட்டைக்கு உப்பும் ஆகாது, தேசிக்காய்ப் புளியும் ஆகாது. மலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உள்ளே போன நாங்கள் ஆளுக்கொரு பாதியை எடுத்துக் காலில் தேய்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனோம்.

பாஸ்டர் வந்தார். த்ரீவீலர் வளைவுவரைதான் வரும், மிச்சத்துக்குக் குடையோடு நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. அந்தச் சேற்றுப் பாதையில் எப்படி ஒரு சொட்டுச் சேறு படாமல் வந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத அற்புதம். சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், படியில் காலை வைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

உப்புக் கோடு. வெட்டின தேசிக்காய். பதுளை டவுன்காரர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"யாரு இது?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ஆண்டவருடைய வாசல்ல செய்வின வெச்சது யாரு?"

நான் கங்காணி மாமாவைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். நாற்பது பேரும் பார்த்தார்கள். மாமா கூரையைப் பார்த்தார்.

"ஐயா, அது வந்து அட்டைக்கு..." என்று நான் வாயெடுத்தேன்.

"தம்பி" என்று கையைக் காட்டினார் பாஸ்டர். "படிச்சவங்களுக்கு இதெல்லாம் வெளங்காது."

கண்ணை மூடி, கையை நீட்டி, அந்தத் தேசிக்காய்களை அதட்ட ஆரம்பித்தார். நல்ல வல்லமையான ஜெபம். ஒவ்வொரு வரிக்கும் முதல் ஆமென் சொன்னது யார் தெரியுமா? கங்காணி மாமா. தன் கையால் வெட்டிய தேசிக்காய்க்கு எதிராக அந்த மனிதர் அடித்த ஆமெனில் தகரம் அதிர்ந்தது. பிறகு பாஸ்டர் சொன்னபடி மாமாவே விளக்குமாற்றை எடுத்து உப்பையெல்லாம் பெருக்கினார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து படியைக் கழுவினார். தேசிக்காய்களைப் பள்ளத்தில் வீசினார்.

வாசல் சுத்தமானது. அட்டைகளுக்குப் பாதை திறந்தது.

பாஸ்டர் முயலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, "சரி தங்கச்சி, ஆரம்பிங்க" என்றார்.

அக்கா எழுந்து முன்னால் வந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் என் மேக இன்ட்ரோவைத் தொடங்கினேன். கண்ணை மூடி, தலையை ஆட்டி, நானே உருகி, இருபது நொடி போயிருக்கும். பட்டென்று கரண்ட் போனது.

மழைக்குக் கரண்ட் போவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் நான் கண்ணை மூடியிருந்ததால் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். செத்த கீபோர்டின் கட்டைகள் டொக் டொக் என்று மட்டும் சத்தம் போட்டன. சித்தி என் முதுகைத் தட்டி, "தம்பி, அது போயிருச்சு" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பாஸ்டரைப் பார்த்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு, மலையில் பாடுகிற அதே குரலில், உதவிக்கு ஒன்றும் இல்லாமல், "பரிசுத்தரே" என்று எடுத்தாள்.

தகரத்தில் மழை. அதற்கு மேலே ஒரு குரல். அவ்வளவுதான்.

இரண்டு முறை தனியாகப் பாடினாள். பிறகு பாட்டை நிறுத்தாமலே பேசினாள். "நீர் எங்களுக்கு ஒண்ணும் செய்யாட்டியும் நீர் பரிசுத்தர். நாங்க யாருமே இல்லாட்டியும் நீர் பரிசுத்தர். இந்த மலையில தேயில நடுறதுக்கு முன்னாடியும் நீர் பரிசுத்தர். நாங்க பேசுற வாயி அழுக்கு. நீர் பரிசுத்தர்."

பெண்கள் பக்கம் சேர்ந்து பாடினார்கள். பிறகு ஆண்கள். யாரும் கத்தவில்லை. மாமாகூடக் கத்தவில்லை. நான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதோ கேட்பார்கள், இதோ கூரை வரும், இதோ டுபாய் வரும் என்று. வரவில்லை. சித்தியின் வாய் "பரிசுத்தர்" என்று மட்டும்தான் அசைந்தது. கன்னமெல்லாம் கண்ணீர்.

எனக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சில காலைகளில் நமுனுகுல மலை முழுக்கப் பனிக்குள் இருக்கும். ஒரு கணம் பனி விலகும். இவ்வளவு பெரிய மலை இவ்வளவு நேரமும் நமக்கு முன்னால்தான் நின்றதா என்று ஒரு பயம் வரும். அதுதான் வந்தது. ஓடவும் தோன்றவில்லை, கிட்டே போகவும் தைரியம் இல்லை. நான் எப்போதும் ஆராதனையில் மற்றவர்களை உருக்குவதில் மும்முரமாக இருப்பவன். உருக்க ஒன்றும் இல்லாமல் போனதில் நானே மாட்டிக்கொண்டேன். தலையைக் குனிந்தேன்.

குனிந்ததால்தான் அதைப் பார்த்தேன்.

பாஸ்டரின் வெள்ளைக் காற்சட்டையின் இடது பக்கக் கீழ்மடிப்பில், ஒரு ரூபாய்க் குற்றிக் காசு அளவுக்குச் சிவப்பு. நான் பார்க்கும்போதே அது கொஞ்சம் விரிந்தது. அட்டை குடித்து முடித்து விழுந்திருக்க வேண்டும், அல்லது இன்னும் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடி, எங்கேயோ போய்விட்டிருந்தார். அட்டை கடித்தால் வலிக்காது.

நிமிர்ந்தேன். சித்தியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடிக்கொண்டே பார்த்தார். கங்காணி மாமாவும் பார்த்தார். அவர் முகம் பேயடித்த மாதிரி இருந்தது. உப்பைக் கொட்டியதும் அவர், பெருக்கியதும் அவர். அக்காவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, கண்ணை மூடியிருந்தாள்.

மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சவர்க்காரத் துண்டு இருக்கும், மலையில் அட்டை பிடுங்குவதற்கு. அதைக் கையில் எடுத்தார். அடுத்து அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முழங்காலில் விழுந்தார். "பரிசுத்தர்" என்று பாடிக்கொண்டே, முழங்காலாலேயே, ஒவ்வோர் அடியாக, முன்னால் நகர ஆரம்பித்தார். ஆறடி மனிதர். பாய் அவரோடு சேர்ந்து சுருண்டு வந்தது. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வழிவிட்டார்கள், பாட்டை நிறுத்தாமல்.

மாமா போய்ச் சேர்ந்தார். சவர்க்காரத்தோடு பாஸ்டரின் கணுக்காலைப் பிடித்தார்.

பாஸ்டர் கண் திறக்கவில்லை. ஒரு பாவி மனம் நொறுங்கித் தன் காலில் வந்து விழுந்திருக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார். குனிந்து, அந்தத் தலையில் இரண்டு கையையும் வைத்து, "சொல்லு மகனே. பரிசுத்தருக்கு முன்னால ஒண்ணையும் மறைக்காத" என்றார்.

மாமாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஐயா, அது நான்தான்யா!" என்று பெரட்டுக் குரலில் கதறினார். "செய்வினையும் இல்ல ஒண்ணும் இல்ல. உப்புய்யா! அட்டைக்குப் போட்டேன். வெக்கத்துல வாயத் தொறக்கல. எம்மேலயே நான் ஆமென் சொல்லிட்டேன்யா!"

பாட்டு நின்றது. பாஸ்டர் கண்ணைத் திறந்தார். காலைப் பார்த்தார். இரத்தத்தைப் பார்த்தார். மாமாவின் கையில் இருந்த சவர்க்காரத்தைப் பார்த்தார்.

சித்திதான் முதலில் உடைந்தார். சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் முடியவில்லை. பிறகு ஒரு மூலையில், பிறகு இன்னொரு மூலையில், ஒரு நிமிடத்துக்குள் பிள்ளைக் காம்பரா முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறந்து எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் விளங்கியதும் அவள் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியது. அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒன்று, இவர்கள் அதைச் சிரித்தே கெடுத்துவிட்டார்கள். டவுனிலிருந்து ஆள் வரப்போகிறது. எனக்கு மாமாவின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

பாஸ்டர் மெதுவாக எழுந்தார். சிரிப்பு அடங்கியது.

"பெருக்கச் சொன்னது நான்" என்றார். "அந்தத் தம்பி சொல்ல வந்தப்பவும் வாய அடைச்சேன். ஆண்டவருக்கு முன்னால எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன்." நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து, கங்காணி மாமாவுக்குப் பக்கத்தில், பாயில், முழங்காலில் நின்றார். காற்சட்டையைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"நிப்பாட்டாதீங்க தங்கச்சி" என்றார். "விட்ட எடத்துல இருந்து பாடுங்க."

அக்கா நின்றபடியே நின்றாள். பாடப்போகிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை. பிறகு அதே இடத்திலிருந்து, அதே சுருதியில் எடுத்தாள். குரல் முதலில் உடைந்தது, பிறகு நேரானது. சிரித்த வாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. முதலில் பாடியபோது இருந்த பயம் இப்போதும் இருந்தது, ஆனால் யாரும் நல்ல பிள்ளைபோல நடிக்கவில்லை. மாமா பாஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இடையில், பழக்க தோஷம், பாஸ்டரின் காலையும் ஒரு தடவை பரிசோதித்துக்கொண்டார்.

கால் மணி நேரம் என்றது முக்கால் மணி நேரம் ஆனது. அன்று பிரசங்கம் நடக்கவில்லை.

முடிந்ததும் பிளேன்டீ கொடுத்தோம். இரத்தம் நிற்கட்டும் என்று பாஸ்டர் கணுக்காலில் மாமா கடுதாசித் துண்டு ஒட்டியிருந்தார். அக்கா கதவோரம் கேத்தலோடு நின்றாள். கேட்கவில்லை. அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே, "ஐயா, அப்ப அக்கா விஷயம்...?" என்றேன்.

"அதுல யோசிக்க என்னா இருக்கு? இனிமே எல்லா ஞாயிறும் இவங்கதான்" என்றார் பாஸ்டர்.

அக்கா கேத்தலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். மழையில் நின்று முகம் கழுவியதுபோல இருந்தது. சித்தி பின்னாலேயே ஓடினார்.

நான் பெருமையோடு, "நான் ஆரம்பத்துலயே சொன்னேன்யா, அக்கா நல்லா செய்வானு" என்றேன். நான் அப்படி எங்கேயும் சொல்லவில்லை.

"ஒரே ஒரு விசயம் தம்பி" என்றார் பாஸ்டர். டீயை ஊதிக் குடித்தார். "கரண்ட் போனதுக்கு அப்புறந்தான் நல்லா இருந்துச்சு. அந்தப் பொட்டிய கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே வைங்க."

கங்காணி மாமா உடனே ஓர் ஆமென் போட்டார்.

அடுத்த ஞாயிறு நான் முதல்முறையாக, கையில் ஒன்றும் இல்லாமல், ஆண்கள் பக்கத்தில் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அக்கா முன்னால் வந்து நின்றாள். இந்தத் தடவை சேலைத் தலைப்பை விரலில் சுற்றவில்லை. கண்ணை மூடினாள், எடுத்தாள். இத்தனை வருடமும் வாசித்துக்கொண்டே இருந்ததால் நான் சபையில் வாய் திறந்து பாடியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திறந்தேன். சத்தமாகவே வந்தது.

மாமா திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து காதுக்குள் சொன்னார்.

"தம்பி, மெதுவா. அக்காவுக்குச் சுருதி தப்பிரும். சும்மா வாய மட்டும் அசைங்க."

ஒரு நிமிடம் வாயை மட்டும் அசைத்துப் பார்த்தேன். முடியவில்லை. மறுபடியும் பாட ஆரம்பித்தேன். மாமா தலையில் அடித்துக்கொண்டு, என்னைவிடச் சத்தமாகப் பாடினார். முன்னால் அக்காவின் உதடு, சிரிப்பை அடக்குவதுபோல, கொஞ்சம் கோணியது. கண்ணைத் திறக்கவே இல்லை.